உதவியாளர் இல்லாத 25 மாதங்கள்: செட்டிநாட்டு ஊர் ஒன்றின் அங்கன்வாடி குறித்த நிகழ்வு ஆய்வு

பின்னணி

காரைக்குடியிலிருந்து பேருந்தில் அரை மணி நேரத்தில் சென்றடையக்கூடிய ஓர் ஊராட்சியில் 2022 ஜூன் முதல் 2024 செப்டம்பர் வரை நடந்ததை இங்கே பதிவு செய்கிறேன். ஊரின் பெயரையும் இதில் வருவோரின் பெயர்களையும் தவிர்த்திருக்கிறேன். 31 ஆண்டுகள் தொடக்கப்பள்ளி ஆசிரியையாகப் பணியாற்றி ஓய்வு பெற்று அந்த ஊரிலேயே வசிப்பவள் நான். அங்கன்வாடி மையத்துக்காக ஊரில் அமைந்த ஐவர் குழுவில் ஒருத்தியாக இருந்ததால், முடிவுகளில் எனக்கும் பங்குண்டு, தவறுகளிலும் உண்டு.

செட்டிநாட்டின் பல ஊர்களைப் போலவே இதுவும் இரண்டு விதமான வீடுகளைக் கொண்ட ஊர். முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என ஒரு தெருவில் தொடங்கி மறு தெருவில் முடியும் பெரிய வீடுகளில் பாதிக்கு மேல் ஆண்டின் பெரும்பகுதி பூட்டியே கிடக்கின்றன. கல்யாணம், படைப்பு (முன்னோர் வழிபாடு), கோவில் திருவிழா என்றால் திறக்கும். ஆண்டு முழுவதும் ஊரில் இருப்பவர்கள் கொத்தனார்கள், சமையல் வேலைக்குச் செல்பவர்கள், ஆத்தங்குடித் தரைக்கல் பதிப்பவர்கள், பெரிய வீடுகளைப் பார்த்துக்கொள்பவர்கள், விவசாயக் கூலிகள் ஆகியோரின் குடும்பங்கள். பால்வாடிக்கு வருபவை இந்தக் குடும்பங்களின் குழந்தைகளே.

ஊரணிக் கரையில் இருந்த பழைய மையக் கட்டடத்தின் கூரைப்பூச்சு 2022 ஜூன் மாதம் ஓர் இரவில் பெயர்ந்து விழுந்தது. இரவு என்பதால் யாருக்கும் காயமில்லை. மறுநாளே மையம், பூட்டிக் கிடந்த ஒரு பெரிய வீட்டின் முன்பகுதிக்கு மாற்றப்பட்டது. அந்த வீட்டைப் பொறுப்பில் வைத்திருந்த ஆச்சி வாடகை வேண்டாம் என்று சொல்லிச் சாவியைக் கொடுத்தார். அதற்கு முந்தைய மாதக் கடைசியில்தான் மையத்தின் உதவியாளர் ஓய்வு பெற்றிருந்தார். அந்த இடத்துக்கு எவரும் நியமிக்கப்படவில்லை. கூரை விழுந்ததை ஊரே பேசியது. உதவியாளர் இல்லாமல் போனதைப் பற்றி யாரும் பேசவில்லை, நாங்களும் பேசவில்லை.

2022 ஆகஸ்டில் வீடு வீடாகச் சென்று கணக்கெடுத்தோம். ஆறு வயதுக்கு உட்பட்டவர்கள் 41 பேர் இருந்தார்கள். அவர்களில் இரண்டு வயது நிறைந்தவர்கள் 29 பேர். இந்த 29 பேரில் 12 பேர் காலை எட்டு மணிக்கு வேனில் ஏறித் தனியார் நர்சரிப் பள்ளிக்குச் சென்றார்கள், 11 பேர் மையத்துக்கு வந்தார்கள், ஆறு பேர் பாட்டியோடோ அக்காவோடோ வீட்டிலேயே இருந்தார்கள். மையத்தின் பதிவேட்டில் 24 பெயர்கள் இருந்தன. எடை பார்க்கவும் தடுப்பூசிக்கும் சத்துமாவுக்கும் பெயர் இருக்கட்டும் என்று வேனில் போகும் குழந்தைகளின் தாய்மார்களும் பதிந்து வைத்திருந்ததே இந்த வேறுபாட்டுக்குப் பெரும்பாலும் காரணம். வருகை குறைவாக இருப்பதால் பக்கத்து ஊர் மையத்தோடு இதை இணைத்துவிடலாம் என்ற பேச்சு அப்போதே வாய்மொழியாக எங்கள் காதுக்கு எட்டியிருந்தது.

மையத்தில் கண்டது

செப்டம்பர் இரண்டாம் வாரத்தில் ஒரு முழு நாள் மையத்தில் உட்கார்ந்து, என்ன நடக்கிறது என்பதை ஒரு நோட்டில் நேரத்தோடு குறித்தேன். குறை கண்டுபிடிக்க வரவில்லை என்று பணியாளரிடம் முன்கூட்டியே சொல்லியிருந்தேன். அவர் 19 ஆண்டுகள் அனுபவம் உள்ளவர். குழந்தைகளோடு பேசத் தெரிந்தவர்.

காலையில் வந்ததும் அவர் அடுப்பைப் பற்றவைத்தார். அரிசி களைவதும் காய் நறுக்குவதும் முட்டை வேகவைப்பதும் உதவியாளர் செய்ய வேண்டிய வேலைகள். செய்வதற்கு ஆள் இல்லை. இடையில் கைப்பேசியை எடுத்துப் போஷன் டிராக்கர் செயலியில் வருகையைப் பதிந்தார், இணைப்பு விட்டுவிட்டு வந்ததால் வாசலுக்கும் உள்ளுக்குமாக நான்கு முறை நடந்தார், சத்துமாவு வாங்க வந்த இரண்டு கர்ப்பிணிப் பெண்களுக்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தார், எடை பார்க்க வேண்டிய ஒரு கைக்குழந்தையைத் தூக்கி எடைக்கருவியில் வைத்தார். காலை 9 மணி முதல் மதியம் 1 மணி வரை, அவர் குழந்தைகள் நடுவில் உட்கார்ந்து பாடியோ பேசியோ கதை சொல்லியோ செலவிட்ட நேரத்தைக் கூட்டிப் பார்த்தேன். 35 நிமிடம் வந்தது.

அந்த 35 நிமிடங்களுக்கு வெளியே குழந்தைகள் சும்மா இருக்கவில்லை. தரையில் பதிந்திருந்த பழைய ஆத்தங்குடிப் பூக்கல்லின் மேல் நான்கு வயதுச் சிறுமி ஒருத்தி புளியங்கொட்டைகளைப் பரப்பி, ஒவ்வோர் இதழுக்கும் ஒரு கொட்டை என்று வைத்துக்கொண்டே போனாள். ஒரு பூவுக்கு எட்டு இதழ். ஏழு வைத்ததும் கையில் கொட்டை தீர்ந்துவிட, பக்கத்துப் பூவிலிருந்து ஒன்றை எடுத்து இங்கே வைத்தாள்; உடனே அங்கே ஒன்று குறைவதைக் கண்டு, எடுத்ததைத் திரும்ப வைத்துவிட்டு, யாரையாவது கேட்கலாம் என்பது போலத் தலையை நிமிர்த்திப் பார்த்தாள். பணியாளர் அடுப்படியில் இருந்தார். முதல் வகுப்பில் கழித்தல் கணக்கைப் பல ஆண்டுகள் போராடிக் கற்பித்தவள் நான். அந்தக் கேள்வி குழந்தையின் கண்ணில் எழுந்து நின்று, கேட்க ஆள் இல்லாமல் அடங்கிப் போனதைப் பார்த்தபோது, ஒரு நாளில் எத்தனை முறை இப்படி நடக்கும் என்றுதான் நினைத்தேன்.

அன்று பகல் 12.40 மணிக்கு நடந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சாப்பாடு முடிந்து குழந்தைகளைப் படுக்க வைத்துக்கொண்டிருந்தபோது எண்ணிக்கையில் ஒன்று குறைந்தது. மூன்று வயதுப் பையன் ஒருவன் தன் தட்டை எடுத்துக்கொண்டு, திறந்திருந்த பக்கவாசல் வழியாக ஊரணிக்குப் போய், படித்துறையின் இரண்டாம் படியில் உட்கார்ந்து தட்டைக் கழுவிக்கொண்டிருந்தான். வீட்டில் அம்மா செய்வதைப் பார்த்துப் பழகிய பிள்ளை. ஓடிப்போய்த் தூக்கி வந்தோம். பணியாளர் அவனை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் எழுந்திருக்கவே இல்லை. நான் நோட்டை மூடிவிட்டேன்.

பணம் எங்கிருந்து, எதற்காக வருகிறது

மையத்துக்கு அரசு பணம் தருவதில்லை என்று ஊரில் பலர் நினைத்தார்கள். நிறையத் தருகிறது, இடையில் எங்கோ போய்விடுகிறது என்று வேறு சிலர் நினைத்தார்கள். இரண்டும் சரியல்ல என்பது, செலவுத் தலைப்புகளைத் தனித்தனியே எழுதிப் பார்த்த பிறகே எங்களுக்கு விளங்கியது.

ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று நாடு முழுவதும் 33 வட்டாரங்களில் சோதனை முயற்சியாகத் தொடங்கியது. தமிழ்நாட்டில் 1980இல் தொடங்கிய ஊட்டச்சத்துத் திட்டமும் 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டமும் இதற்கு வலுச் சேர்த்தன. இன்று மாநிலத்தில் மையங்களின் எண்ணிக்கை ஏறக்குறைய 54,400. இந்த வரலாற்றில் உணவுக்கான பாதை நன்றாகவே போடப்பட்டிருக்கிறது. 2022இல் இருந்த ஒன்றிய அரசின் விதிப்படி ஒரு குழந்தைக்கு நாளொன்றுக்கு 8 ரூபாய், ஆண்டுக்கு 300 நாள், 500 கலோரி, 12 முதல் 15 கிராம் புரதம். இந்தத் தொகையை ஒன்றியமும் மாநிலமும் பாதிப் பாதியாக ஏற்கின்றன. தமிழ்நாடு வாரம் மூன்று முட்டை தருகிறது. 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு இது உரிமையாகவே ஆகிவிட்டது. எங்கள் மையத்தில் ஒரு நாள்கூடச் சாப்பாடு நிற்கவில்லை என்பதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும்.

கல்விக்கு அப்படிப்பட்ட பாதை இல்லை. கட்டாயக் கல்வி உரிமை 6 முதல் 14 வயதுக்கு உரியது. அதற்குக் கீழுள்ள வயதினருக்கு அரசு முயற்சி செய்ய வேண்டும் என்று அரசியலமைப்பின் 45ஆம் பிரிவும், ஏற்பாடு செய்யலாம் என்று 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 11ஆம் பிரிவும் சொல்வதோடு நிற்கின்றன. முன்பருவக் கல்வி உபகரணங்களுக்காக ஒரு மையத்துக்கு ஆண்டுக்கு வகுக்கப்பட்டிருப்பது 5,000 ரூபாய். பதிவேட்டிலுள்ள 24 குழந்தைகளுக்குப் பகிர்ந்தால் தலைக்கு 208 ரூபாய். பணியாளருக்கும் உதவியாளருக்கும் கிடைப்பது சம்பளம் அல்ல, மதிப்பூதியம்; 2018 அக்டோபர் முதல் ஒன்றிய அரசின் கணக்கில் அது முறையே 4,500 ரூபாயும் 2,250 ரூபாயும் ஆகும், அதற்கு மேல் மாநில அரசு தன் பங்கைச் சேர்த்துத் தருகிறது. ஒரு மனுஷி குழந்தையோடு பேசுவதற்கென்று எந்தத் தலைப்பிலும் பணம் இல்லை. உதவியாளரின் இடம் நிரம்பியிருந்தால் மட்டுமே அந்த நேரம் தானாகக் கிடைக்கும். இடம் காலியானால், கணக்கில் எந்தக் குறையும் தெரியாமலே கல்வி மட்டும் நின்றுபோகும்.

பள்ளிக்கு முந்தைய வயதினருக்கான பொதுப்பணம் வேறொரு வாசல் வழியாகவும் எங்கள் ஊருக்கு வந்துகொண்டிருந்தது. கல்வி உரிமைச் சட்டத்தின் 25 விழுக்காட்டு ஒதுக்கீடு தமிழ்நாட்டில் தனியார் பள்ளிகளின் எல்.கே.ஜி. வகுப்பிலேயே தொடங்குகிறது. வேனில் போன 12 பேரில் இருவர் அந்த வகையில் சேர்ந்தவர்கள். அவர்களுக்கான கட்டணத்தை அரசு பள்ளிக்குத் திருப்பித் தரும், வேனுக்கும் சீருடைக்கும் பெற்றோரே செலவழித்தார்கள். 2019 ஜனவரியில் நடுநிலைப்பள்ளி வளாகங்களில் உள்ள 2,381 மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கப்பட்டபோது, எங்கள் ஊரில் இருப்பது தொடக்கப்பள்ளி மட்டுமே என்பதால் அதுவும் எங்களுக்கு எட்டவில்லை.

முதல் முடிவு: இலவச நர்சரி வேண்டாம்

2022 அக்டோபர் 2 கிராம சபைக்குச் சில நாட்கள் முன்பு, சிங்கப்பூரில் வாழும் ஊர்க்காரர் ஒருவர் ஆச்சி மூலம் ஒரு செய்தி சொல்லி அனுப்பினார். தன் வீட்டிலேயே இலவசமாக ஆங்கில வழி நர்சரி ஒன்றை நடத்தலாம், மூன்று ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 3 லட்சம் ரூபாய் தரத் தயார் என்பது செய்தி. அந்த மனத்தை நான் மிகவும் மதிக்கிறேன். கல்விக்குக் கொடுப்பது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. மின்வேதியியல் ஆய்வகத்துக்காக 300 ஏக்கர் நிலத்தையும் 15 லட்சம் ரூபாயையும் கொடுத்த அழகப்பச் செட்டியாரின் ஊர்ப்பக்கம் இது. ஆனால் அந்தக் கொடை பெரும்பாலும் உயர்நிலைப்பள்ளிக்கும் கல்லூரிக்கும் சென்றதே தவிர, மூன்று வயதுப் பிள்ளையின் வாசல்வரை இறங்கியது குறைவு. கல்யாணமான ஒவ்வொரு குடும்பத்தையும் ஒரு புள்ளியாகக் கொண்டு கோவிலுக்கு வரி போடத் தெரிந்த ஊரில், ஆறு வயதுக்குட்பட்டவர்கள் எத்தனை பேர் என்பதை நாங்கள் கணக்கெடுக்கும்வரை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

குழு மூன்று மாலைகள் கூடிப் பேசியது. நர்சரி வேண்டாம் என்று முடிவெடுத்தோம். மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு பணம் நின்றால் நர்சரியும் நிற்கும். அதற்குள் மையம் ஆளில்லாமல் போய், இணைப்பு உத்தரவு எழுத்திலேயே வந்துவிடும். மையம் போனால் போவது நான்கு வயதுக் குழந்தையின் இடம் மட்டுமல்ல. கர்ப்பிணிகளின் சத்துமாவும், கைக்குழந்தைகளின் எடைப் பதிவும், இரண்டு வயதுப் பிள்ளையின் மதியச் சாப்பாடும் சேர்ந்தே பக்கத்து ஊருக்குப் போய்விடும். கூலி வேலைக்குப் போகும் தாய் அவ்வளவு தூரம் தூக்கிக்கொண்டு நடக்க மாட்டாள்.

இந்த முடிவைத் தாய்மார்கள் எளிதாக ஏற்கவில்லை. வேனுக்கு மாதம் 700 ரூபாய் கொடுத்துக்கொண்டிருந்த ஒருவர் கிராம சபையிலேயே எழுந்து, “டீச்சரம்மா, உங்க பிள்ளைங்க எல்லாம் இங்கிலீஷ்ல படிச்சு வெளியூர் போயிட்டாங்க. எங்க பிள்ளைக்கு மட்டும் ஏன் பால்வாடி?” என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு நியாயம் இருந்தது. மையத்துக்குப் போய் என்ன படிக்கிறது என்று கேட்டால் சொல்வதற்கு ஒன்றும் இல்லை என்ற அவருடைய அடுத்த வார்த்தைதான், நாங்கள் செய்ய வேண்டியது என்ன என்பதைக் கட்டடத்தைவிடத் தெளிவாகக் காட்டியது.

கிராம சபையில் மூன்று கோரிக்கைகள் தீர்மானமாயின: காலியாக உள்ள உதவியாளர் இடத்தை நிரப்புவது, புதிய கட்டடம், மையத்தை இணைக்கக் கூடாது என்பது. மூன்றாவதற்கு ஆதாரமாக 41 குழந்தைகளின் பட்டியலை இணைத்தோம். ஆறு வயதுக்குட்பட்ட 40 குழந்தைகள் இருந்து மையம் இல்லாத குடியிருப்பு, கேட்டால் மையம் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2006 டிசம்பரில் உத்தரவிட்டிருக்கிறது. அப்படியிருக்க, 41 பேர் உள்ள ஊரில் இருக்கும் மையத்தை எடுப்பது எப்படிப் பொருந்தும் என்று ஒரே பத்தியில் கேட்டோம். இணைப்புப் பேச்சு அதோடு அடங்கியது. எங்கள் முயற்சிகளில் மிகக் குறைந்த செலவில் மிக விரைவாகப் பலன் தந்தது அந்த வீடு வீடான கணக்கெடுப்புதான்.

சமையலுக்கு ஒருவர்: நல்லதும் தவறும்

ஊரணிப் படியில் உட்கார்ந்திருந்த பையனை மறக்க முடியாததால், நியமனம் வரும்வரை காத்திருக்க எங்களுக்கு மனம் வரவில்லை. கொடையாளர் தன் பணத்தை வேறு வகையில் பயன்படுத்தச் சம்மதித்தார். 2022 நவம்பரிலிருந்து மகளிர் சுயஉதவிக் குழுவைச் சேர்ந்த ஒருவருக்கு மாதம் 4,000 ரூபாய் கொடுத்து, சமையலையும் பக்கவாசலையும் பார்த்துக்கொள்ளச் சொன்னோம்.

பலன் உடனே தெரிந்தது. 2023 ஜனவரியில் அதே நோட்டோடு மீண்டும் ஒரு நாள் உட்கார்ந்தேன். காலை 9 முதல் 1 வரை பணியாளர் குழந்தைகளோடு செலவிட்ட நேரம் 1 மணி 50 நிமிடமாக உயர்ந்திருந்தது. புதிய புத்தகம் எதுவும் வாங்கவில்லை. பூக்கல் இதழ்களில் கொட்டை வைக்கும் விளையாட்டையே பணியாளர் எடுத்துக்கொண்டு, கூட்டுவதற்கும் குறைப்பதற்கும் அதைப் பழக்கினார். பார்த்த பொருளுக்குத் தமிழிலும் ஆங்கிலத்திலும் பெயர் சொல்லும் அரை மணி நேரத்தைத் தாய்மார்களின் கோரிக்கைக்காகவே சேர்த்தார். மாதக் கடைசி சனிக்கிழமையில் தாய்மார்களை அழைத்து, குழந்தை செய்வதை நேரில் காட்டினார். மார்ச்சில் சராசரி வருகை 16 ஆனது. வீட்டில் இருந்த ஆறு பேரில் ஐவர் வரத் தொடங்கியதே இந்த உயர்வு. வேனில் போனவர்கள் அந்த ஆண்டு யாரும் திரும்பவில்லை.

தவறு எங்கே நடந்தது என்பதைக் கண்டுகொள்ள எங்களுக்கு ஏறக்குறைய எட்டு மாதம் ஆனது. 2023 ஜூலையில் உதவியாளர் நியமனம் பற்றிக் கேட்கப் போனபோது, எங்கள் மையம் குறித்த ஆய்வுக் குறிப்பில் “மையம் சீராக இயங்குகிறது” என்று எழுதப்பட்டிருப்பதை அறிந்தோம். எழுதியவர் பொய் எழுதவில்லை. அவர் வந்த நாளில் சமையல் நடந்தது, குழந்தைகள் பாடினார்கள், வாசல் சாத்தியிருந்தது. ஆள் குறைவாக உள்ள மையங்கள் பல இருக்கும்போது, சீராக இயங்கும் ஒன்றுக்கு முன்னுரிமை தர எவருக்கும் காரணம் இல்லை. அரசு நிரப்ப வேண்டிய இடத்தை எங்கள் பணம் நிரப்பியதோடு, அந்த இடம் காலியாக இருப்பதையே கண்ணுக்குத் தெரியாமல் மறைத்துவிட்டது.

சமையல்காரரை நிறுத்திவிட்டால் குறை தெரியும் என்று குழுவில் ஒருவர் சொன்னார். குழந்தைகளைப் பணயமாக வைத்து நிரூபிக்க வேண்டியது எதுவும் இல்லை என்று மற்ற நால்வரும் மறுத்தோம். இன்றும் அந்த மறுப்பு சரியென்றே கருதுகிறேன். அதற்கு மாறாக, 2023 ஆகஸ்ட் முதல் ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதி ஒரு பக்கக் கடிதம் அனுப்பினோம்: உதவியாளர் இடம் இத்தனை மாதமாகக் காலி, தற்போது ஒருவர் ஊர்ப்பணத்தில் தற்காலிகமாகச் சமைக்கிறார், அவருக்கு அரசுப் பொறுப்போ காப்போ கிடையாது, இந்த ஏற்பாடு இன்ன தேதியோடு முடிகிறது. அதே கடிதத்தின் நகல் மையத்தின் சுவரிலும் ஒட்டப்பட்டது. 15 ஆகஸ்ட், 2 அக்டோபர், 1 நவம்பர் கிராம சபைகளில் அது வாசிக்கப்பட்டது.

நிலமும் கட்டடமும்

கட்டடத்தின் கதையைச் சுருக்கமாகவே சொல்கிறேன். பழைய இடம் ஊரணிப் புறம்போக்கு என்பதால் அங்கே மீண்டும் கட்ட முடியாது என்று தெரிந்தது. ஆச்சியின் குடும்பத்தார் வீட்டுக்குப் பின்னால் இருந்த மனையைத் தானமாகத் தர முன்வந்தார்கள். ஆனால் பட்டாவில் மூத்தவர் பெயர் மட்டுமே இருக்க, பங்காளிகள் ஒன்பது பேர் சென்னை, மலேசியா, சிங்கப்பூர் எனப் பரவியிருந்தார்கள். எல்லோருக்கும் சம்மதம்தான், எல்லோருடைய கையெழுத்தையும் ஒரே பத்திரத்தில் சேர்ப்பதுதான் நடக்கவில்லை. ஏழு மாதம் காத்திருந்த பிறகு, தொடக்கப்பள்ளி வளாகத்தின் வடக்கு மூலையைக் கேட்டுப் பெற்றோம். அங்கே தண்ணீர் இருந்தது, கழிப்பறை இருந்தது, அண்ணன் அக்காவோடு சேர்ந்து வரும் வசதி இருந்தது, ஊரணி வெகுதூரம். முதலிலேயே அதைக் கேட்டிருக்க வேண்டும்.

அப்போது ஒன்றிய அரசின் ஒதுக்கீட்டு விதிப்படி ஒரு மையக் கட்டடத்துக்கு 12 லட்சம் ரூபாய். அதில் 8 லட்சம் நூறு நாள் வேலைத் திட்டத்திலிருந்தும், 2 லட்சம் நிதி ஆணைய மானியத்திலிருந்தும், 2 லட்சம் குழந்தை வளர்ச்சித் துறை வழியாகவும் வர வேண்டியிருந்தது. நூறு நாள் வேலையில் கூலிக்கு 60, பொருளுக்கு 40 என்ற விகிதம் மாவட்ட அளவில் காக்கப்பட வேண்டியிருந்தது. கட்டடம் என்றால் சிமெண்டும் கம்பியும் செங்கலுமாகப் பொருள் செலவே ஏறும். ஆகவே விகிதம் இடம் கொடுக்கும் நேரத்துக்காக எங்கள் கோப்பு காத்திருந்தது. மூன்று தலைப்புப் பணமும் மூன்று வேறு மாதங்களில் வந்தது. சுற்றுச்சுவர் இவற்றில் எதிலும் அடங்காததால், நமக்கு நாமே திட்டத்தில் மூன்றில் ஒரு பங்கை ஊர்ப் பங்களிப்பாகக் கட்டி எழுப்பினோம். சிங்கப்பூர்க் கொடையின் மிகப் பொருத்தமான செலவு அதுவே என்பது என் கருத்து. சுவர் ஒரு முறைச் செலவு. எழுப்பிய பிறகு அது யாருடைய இடத்தையும் மறைப்பதில்லை.

உதவியாளர் வந்த பிறகு

2024 ஜூலை முதல் தேதி, பக்கத்து வட்டாரத்திலிருந்து ஒருவர் விருப்ப மாறுதலில் உதவியாளராக வந்து சேர்ந்தார். இடம் காலியாக இருந்தது 25 மாதம். அதில் 20 மாதம் ஊர்ப்பணத்தில் ஓடியது, மொத்தம் 80,000 ரூபாய். மாதாமாதம் போன கடிதங்களால்தான் இது நடந்தது என்று நான் உரிமை கொண்டாட மாட்டேன். ஆனால் மாறுதல் கேட்ட பெண்மணிக்கு இங்கே இடம் காலி என்று சொன்னவர், அந்தக் கடிதத்தைக் கோப்பில் பார்த்த ஓர் எழுத்தரே.

செப்டம்பரில் புதிய கட்டடத்துக்கு மாறினோம். அப்போது இரண்டு வயது நிறைந்த 27 குழந்தைகள் ஊரில் இருந்தார்கள். 19 பேர் மையத்துக்கு வந்தார்கள், ஏழு பேர் வேனில் போனார்கள், ஒருவர் வீட்டில் இருந்தார். கிராம சபையில் என்னிடம் கேள்வி கேட்ட தாயின் இரண்டாவது பெண் மையத்துக்கு வருகிறாள். மூத்தவன் இன்னமும் வேனில்தான் போகிறான். புதிய கட்டடத்தின் தரை வெளிறிய ஒரே நிறக் கல். பூக்கல் இல்லாமல் எதில் கொட்டை வைப்பது என்று குழந்தைகள் முதல் நாளே கேட்டதாகப் பணியாளர் சொன்னார். கல் பதிக்கும் வேலை செய்யும் தகப்பன் ஒருவர், வேலையிடத்தில் மிஞ்சிய 30 ஆத்தங்குடிக் கற்களைக் கொண்டுவந்து ஒரு மூலையில் தானே பதித்துக் கொடுத்தார்.

அடுத்த முறை மாற்ற வேண்டியவை

முதல் நாளே கூரையைப் பார்க்காமல் ஆளைப் பார்த்திருக்க வேண்டும். 2022 ஜூன் முதல் அக்டோபர் வரை நாங்கள் எழுதிய ஐந்து மனுக்களில் நான்கு கட்டடம் பற்றியவை. இடம் காலியான அந்த மாதமே, காலியான தேதியைக் குறிப்பிட்டு எழுத்தில் கேட்டிருந்தால், எட்டு மாதமாவது முன்னதாக எங்கள் பெயர் வரிசையில் ஏறியிருக்கும்.

ஊர்ப்பணத்தில் ஆள் வைப்பதானால், அவர் வேலையில் சேரும் நாளிலேயே அது தற்காலிகம் என்ற கடிதமும் முடியும் தேதியும் துறைக்குப் போக வேண்டும்; மையத்தின் வருகைப் பதிவேட்டுக்குப் பக்கத்திலேயே, உதவியாளர் இடம் காலி என்ற குறிப்பு ஆய்வுக்கு வருபவரின் கண்ணில் படும்படி இருக்க வேண்டும். அந்தப் பெண்ணுக்குக் கொடுத்த 4,000 ரூபாயும் குறைவு. அவர் 20 மாதம் வேலை செய்து, நியமனம் வந்த மறுநாள் நன்றியோடு அனுப்பப்பட்டார். அனுபவத்துக்கான ஒரு சான்றிதழ்கூடத் தர எங்களுக்கு அதிகாரம் இல்லை. இதை முன்பே யோசித்து, ஊராட்சித் தீர்மானத்தின் மூலம் பணியனுபவத்தைப் பதிந்திருக்கலாம். அந்தக் குறை என்னை இன்னும் உறுத்துகிறது.

நிலத்தைப் பொறுத்தவரை, பங்காளிகள் பலருக்கு உரிய மனையைத் தானமாக ஏற்கும் முன் வாரிசுகளின் பட்டியலை முதலில் கேட்க வேண்டும். பள்ளி வளாகம் இருந்தால் அதையே முதலில் கேட்க வேண்டும். கணக்கெடுப்பை ஆண்டுதோறும் ஆகஸ்டில் எடுப்பது என்று குழு தீர்மானித்திருக்கிறது. நோட்டோடு ஒரு நாள் உட்காருவதை நான் ஜனவரி, ஜூலை என இரண்டு முறை செய்கிறேன். 2024 ஜூலையின் கணக்கு 2 மணி 5 நிமிடம். கொடையில் மிஞ்சிய தொகை தபால் நிலையச் சேமிப்பில் இருக்கிறது. பணியாளர் விடுப்பில் போகும் நாட்களில் உதவியாளர் ஒருவரே எல்லாக் குழந்தைகளையும் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது; அந்த நாட்களின் தேதிகளைக் குறித்துவரும்படி இருவரிடமும் சொல்லியிருக்கிறோம், அடுத்த கடிதம் அதைப் பற்றியதாக இருக்கும்.